வண்டிக்கு அடியில் மட்டும் மின்சாரம்: தரைவழி ட்ராம் மாதிரியை மேசைமேல் செய்வது எப்படி?

மேலே கம்பி இல்லை, தரையிலிருந்தே மின்சாரம் எடுத்து ட்ராம் ஓடுகிறது என்று சொன்னால், கேட்பவர் முதலில் கேட்பது "அப்போ ரோட்டைக் கடக்கிறவனுக்கு ஷாக் அடிக்காதா?" என்பதுதான். சரியான கேள்வி. மின் ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் செய்முறை சொல்லித்தருவது என் வேலை. இதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினால் தலையை ஆட்டுவார்கள், ஆனால் முகத்தில் சந்தேகம் போகாது. ஒன்றரை மீட்டர் பலகையில் ஒரு மாதிரி செய்து, வண்டியை அவர்கள் கையாலேயே தள்ளவிட்டால் உடனே பிடிபட்டுவிடுகிறது. அந்த மாதிரியைச் செய்யும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் சோல்டரிங் தெரிந்தால் போதும். 12 வோல்ட்டுக்கு மேல் எங்கேயும் போக மாட்டோம், நீங்களும் போகாதீர்கள்.

வேலையில் இறங்குமுன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் மின்சாரம் கொடுப்பது பெரிய வித்தை இல்லை. வண்டி நகர்ந்ததும் அந்த இடத்தில் மின்சாரம் நின்றதா, நின்றது என்பது நமக்கு நிச்சயமாகத் தெரியுமா என்பதில்தான் முழு உழைப்பும் இருக்கிறது. நூற்றைம்பது வருஷக் கதையும் இதுதான். இங்கிலாந்தில் பிளாக்பூல் ட்ராம் 1885-இல் தொடங்கியபோது தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு பிளவு, அதற்குள்ளே மின்கடத்தி. கடலோரம் என்பதால் மணலும் உப்புத்தண்ணீரும் உள்ளே இறங்கித் தொல்லை கொடுத்தன, 1899-இல் மேல்கம்பிக்கு மாறிவிட்டார்கள். லண்டனில் இதே பிளவு முறை 1903 முதல் 1952 வரை ஓடியது. வாஷிங்டனில் 1962 வரைகூட இருந்தது. ஆனால் அதற்குத் தெருவின் நீளம் முழுக்கச் சுரங்கம் மாதிரி தோண்டிக் கட்ட வேண்டும்.

செலவைக் குறைக்க வந்தது குமிழ் முறை. சாலையில் சீரான தூரத்தில் இரும்புக் குமிழ்கள் பதித்திருக்கும். வண்டிக்கு அடியிலுள்ள காந்தம், குமிழுக்கு உள்ளே இருக்கும் இணைப்பை இழுத்து மின்சாரத்தைத் திறந்துவிடும். வண்டி போனதும் அது தானாக விழ வேண்டும். விழவில்லை என்றால்? குமிழ் உயிரோடு தெருவில் கிடக்கும், இரும்பு லாடம் அடித்த குதிரை அதன்மேல் கால் வைக்கும். இங்கிலாந்தின் டார்கீ நகரில் இந்த முறை 1907-இல் வந்து 1911-இலேயே போய்விட்டது. வுல்வர்ஹாம்ப்டனில் வேறொரு வகைக் குமிழ் 1902 முதல் 1921 வரை தாக்குப்பிடித்தது. அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் யாரும் இந்தப் பக்கம் பெரிதாக வரவில்லை. 2003 டிசம்பரில் பிரான்ஸின் போர்தோ நகரம், தன் பழைய வீதிகளின் அழகைக் கம்பி கெடுக்கக் கூடாது என்று தரைவழி மின்சாரத்தோடு ட்ராமைத் திறந்தது. அங்கே போட்ட ஏபிஎஸ் என்ற முறையைத்தான் நாம் மேசைமேல் கொண்டுவரப் போகிறோம்.

அளவு: ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்

போர்தோவில் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பட்டை தெருவோடு தெருவாகப் படிந்து கிடக்கிறது. அது முழு நீளக் கடத்தி அல்ல. 8 மீட்டர் கடத்தும் துண்டு, 3 மீட்டர் கடத்தாத துண்டு, மறுபடி 8, மறுபடி 3 என்று போகும். 22 மீட்டருக்கு ஒரு மின்பெட்டி தரைக்கடியில் புதைந்திருக்கிறது. ஒரு பெட்டி இரண்டு துண்டுகளைப் பார்த்துக்கொள்ளும். மின்னழுத்தம் 750 வோல்ட் நேர்மின்சாரம். அங்கே ஓடும் ட்ராம்களில் குட்டையானது சுமார் 33 மீட்டர்.

நமக்கு மீட்டரைச் சென்டிமீட்டர் ஆக்கினால் போதும். 8 செ.மீ. துண்டு, 3 செ.மீ. இடைவெளி, 33 செ.மீ. வண்டி. பன்னிரண்டு துண்டு வைத்தால் 132 செ.மீ. ஆகும். ஒன்றரை மீட்டர் நீளம், 20 செ.மீ. அகலம் உள்ள ப்ளைவுட் பலகை சரியாக இருக்கும். அகலத்திலும் உயரத்திலும் இந்த அளவைப் பிடித்துத் தொங்க வேண்டாம். நமக்கு முக்கியம் நீளவாட்டு விகிதம்தான்.

சாலை

பலகையின் நடுக்கோட்டில் ஒரு செ.மீ. அகலச் செப்பு நாடாவை 8 செ.மீ. துண்டுகளாக வெட்டி, 3 செ.மீ. இடைவெளி விட்டு ஒட்டுங்கள். ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது, வண்டியின் உரசியில் (தரையைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பகுதியில்) மாட்டிக் கிழியும். கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்துவிட்டால் நன்றாகப் படியும். ஒவ்வொரு துண்டின் ஒரு மூலையிலும் சிறு துளை போட்டு, வயரை மேலே சோல்டர் செய்து அடியில் இறக்குங்கள். நடுக்கோட்டுக்கு இடப்புறம் 3 செ.மீ. தள்ளி, பலகை நீளத்துக்கும் உடையாத ஒரு நாடா ஒட்டுங்கள். இது மின்சாரம் திரும்பிப் போகும் பாதை. நிஜத்தில் அந்த வேலையைத் தண்டவாளம் செய்கிறது. இரண்டு ஓரத்திலும் மெல்லிய மரச்சட்டம் அடித்துவிட்டால் வண்டி விலகாது, முனைகளில் ஒரு கட்டை வைத்தால் விழாது.

வலப்புறம் 3 செ.மீ. தள்ளி, ஒவ்வொரு துண்டின் மையத்துக்கும் நேராக ஒரு துளை. அதில் காந்தத்தை உணரும் ஏ3144 என்ற ஹால் சென்சார் உட்கார வேண்டும். எழுத்து அச்சிட்ட முகம் மேலே பார்க்கும்படி காலை மடக்கி, பலகை மட்டத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். மேலே தெளிவான வார்னிஷ் ஒரு பூச்சு. அந்த முகத்துக்குக் காந்தத்தின் தென்துருவம் நெருங்கினால் சென்சார் தன் வெளியீட்டைச் சுழி வோல்ட்டுக்கு இழுக்கும். காந்தம் நெருங்கினால் சேரும் ரீட் சுவிட்ச் மலிவாகக் கிடைக்குமே என்பீர்கள். காந்தம் நேர் மேலே வரும்போது, துருவம் பார்க்கும் திசையைப் பொறுத்து, ரீட் சுவிட்ச் சில சமயம் விட்டுவிடும். நம் வேலைக்கு அது ஆகாது.

சுவிட்ச்: இரண்டு நிலை, மூன்றாவது கிடையாது

துண்டுக்கு ஒன்றாக 5 வோல்ட் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மாட்யூல் வேண்டும். உள்ளீடு தாழ்ந்தால் இயங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், சென்சாரின் வெளியீட்டை நேராக அதில் கொடுத்துவிடலாம். 5 வோல்ட்டுக்கு ஒரு அடாப்டர், 12 வோல்ட்டுக்கு ஒரு அடாப்டர். இரண்டின் எதிர்முனைகளையும் சேர்த்துத் திரும்பும் நாடாவோடு இணையுங்கள். 12 வோல்ட் வழியில் 2 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று கட்டாயம்.

ரிலேயில் மூன்று முனை இருக்கும். நடுமுனை துண்டுக்குப் போகட்டும். ரிலே இயங்கும்போது சேரும் முனைக்கு 12 வோல்ட். ஓய்வில் சேர்ந்திருக்கும் முனையைத் திரும்பும் நாடாவோடு இணையுங்கள். இந்தக் கடைசி வயரைப் பலர் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டாலும் வண்டி ஓடும், எல்.இ.டி.யும் அழகாக அணையும், ஒரு குறையும் தெரியாது. ஆனால் இந்த வயர்தான் முழு முறைக்கும் உயிர். மின்சாரம் வராத துண்டு சும்மா எதிலும் ஒட்டாமல் தொங்கக் கூடாது. அது சுழி வோல்ட்டோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். போர்தோ முறையிலும் அப்படித்தான், துண்டு ஒன்று 750 வோல்ட்டில் இருக்கும், இல்லையென்றால் தண்டவாளத்தோடு சேர்ந்து சுழியில் இருக்கும். எப்படியோ கசிந்து வரும் மின்சாரம் அந்தத் துண்டில் தங்க முடியாது, வந்த வேகத்தில் தண்டவாளம் வழியாகப் போய்விடும்.

ஒவ்வொரு துண்டுக்கும் திரும்பும் நாடாவுக்கும் இடையில் 1 கிலோ ஓம் மின்தடையோடு சிவப்பு எல்.இ.டி. ஒன்றை மாட்டி, பலகை ஓரத்தில் துண்டுக்கு நேராகத் தெரியும்படி வையுங்கள். எல்.இ.டி. எரிந்தால் துண்டில் உயிர் இருக்கிறது.

வண்டி

33 செ.மீ. மெல்லிய பலகை, 6.5 செ.மீ. சக்கரம், நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றும் 12 வோல்ட் கியர் மோட்டார். இந்தச் சேர்க்கையில் நொடிக்கு சுமார் 20 செ.மீ. போகும். கண்ணால் தொடர்ந்து பார்க்க ஏற்ற வேகம்.

சென்சார் வரிசைக்கு நேர் மேலே, தரையிலிருந்து 5 மில்லிமீட்டர் உயரத்தில், 10 மில்லிமீட்டர் நியோடிமியம் வில்லைக் காந்தங்கள் பதினாறை ஒட்டி ஒட்டி வரிசையாகப் பதியுங்கள். எல்லாவற்றின் தென்துருவமும் கீழே பார்க்க வேண்டும். ஒன்றையொன்று தள்ளும், துள்ளிக் குதிக்கும். ஒன்றை ஒட்டிப் பசை இறுகியதும் அடுத்ததை எடுங்கள். அவசரத்துக்கு ரப்பர் காந்தப் பட்டை வாங்காதீர்கள், அதில் துருவங்கள் மாறிமாறி இருக்கும். சென்சார் இயங்கி நின்று, இயங்கி நின்று படபடக்கும். 16 செ.மீ. காந்த வரிசை வண்டியின் நடுவில் சரிபாதியாக அமையட்டும்.

ஏன் 16? இந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். மின்சாரம் எடுக்கும் உரசிகள் இரண்டு, வண்டியின் மையத்திலிருந்து முன்னே 2.5, பின்னே 2.5 செ.மீ. தள்ளி இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் 5 செ.மீ. அது 3 செ.மீ. இடைவெளியைவிட அதிகம் என்பதால், ஒரு உரசி கடத்தாத இடத்தில் இருக்கும்போது மற்றது நிச்சயம் செப்பின்மேல் இருக்கும். உரசி தொடும் துண்டு எப்போதும் உயிரோடு இருக்க வேண்டுமானால், அந்தத் துண்டின் மையம் வண்டியின் மையத்திலிருந்து 6.5 செ.மீ. வரை விலகியிருந்தாலும் சென்சார் இயங்கியாக வேண்டும். ரிலே சேரும் நேரத்துக்காக ஒன்றரை செ.மீ. கூட்டினால் 8. இரண்டு பக்கமும் சேர்த்து 16.

இப்போது மறுபக்கம். துண்டின் மையம் 8 செ.மீ. தள்ளி இருக்கும்போது அதன் வெளி விளிம்பு 12 செ.மீ.யில் இருக்கும். வண்டியின் பாதி நீளம் 16.5. ஆக, உயிருள்ள துண்டின் விளிம்புக்கும் வண்டியின் மூக்குக்கும் நடுவில் குறைந்தது 4.5 செ.மீ. மூடியிருக்கிறது. இந்த 4.5, கடத்தாத இடைவெளியான 3 செ.மீ.யைவிடப் பெரியதாக இருப்பது முக்கியம். ஏன் என்பது தண்ணீர் ஊற்றும்போது தெரியும். 11 செ.மீ.க்கு ஒரு துண்டு என்பதால் எந்த நேரமும் ஒன்று அல்லது இரண்டு துண்டுகளுக்கு மேல் உயிர் பெறாது.

உரசிக்குச் செப்பு வலைநாடா நல்லது. ஈயம் உறிஞ்சும் நாடா கிடைத்தால் அதையே சிறிய ஸ்பாஞ்சின்மேல் சுற்றிக்கொள்ளலாம். தரையைத் தொடும் நீளம் ஒரு செ.மீ.க்குள் இருக்கட்டும். திரும்பும் நாடாவுக்கு இன்னொரு உரசி. நடு உரசிகள் இரண்டையும் நேரடியாக ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள். மின்சாரத்தை ஒரே திசையில் விடும் 1என்5819 டையோடு தலா ஒன்று வழியாகச் சேருங்கள். டையோடு இல்லாமல், ஒரு உரசி உயிருள்ள துண்டிலும் மற்றது பழுதாகிச் சுழியில் நிற்கும் துண்டிலும் இருந்தால் வண்டி வழியாகவே ஷார்ட் சர்க்யூட். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வண்டிக்குள் சேமித்த மின்சாரம் உரசி வழியாகத் தரைக்குத் திரும்பி, அணைந்த துண்டை மறுபடி உயிர்ப்பிக்கக் கூடாது. வண்டியும் ஒரு மின்மூலம் என்பதைத் திட்டம் போடுகிறவர்களே மறந்துவிடுவதுண்டு.

சேமிப்புக்கு 10,000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெபாசிட்டர் ஒன்று. இதை 10 ஓம் மின்தடை வழியாகச் சார்ஜ் ஆகவிடுங்கள். வெளியேறும் திசையில் மின்தடைக்கு இணையாக ஒரு டையோடு. வெறும் கெபாசிட்டரை நேரே மாட்டினால் தொட்ட நொடியில் பெரிய மின்னோட்டம் பாய்ந்து ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொள்ளும்.

முதல் ஓட்டம் கையால்

மோட்டாரை இணைக்காமல் வண்டியை விரலால் மெதுவாகத் தள்ளுங்கள். அறை விளக்கைக் குறைத்துக்கொண்டால் நல்லது. ஓரத்து எல்.இ.டி.க்களையும் வண்டியின் மூக்கையும் சேர்த்துப் பாருங்கள். மூக்கு ஒரு துண்டை முழுக்க மூடி, இன்னும் 4 செ.மீ. தாண்டிய பிறகுதான் "டிக்" என்று அதன் விளக்கு வரும். பின்பக்கம், வால் அந்தத் துண்டை நெருங்குவதற்கு நல்ல தூரம் இருக்கும்போதே விளக்கு போய்விடும். ஒரு துண்டின் விளக்கு வண்டிக்கு வெளியே ஒரு கணம் எரிந்தாலும் அந்தச் சென்சாரின் இடத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். வண்டிக்கு முன்னும் பின்னும் உள்ள செப்பில் தைரியமாக விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 12 வோல்ட்டில் எதுவும் தெரியாதுதான், ஆனாலும் வைக்கத் தயங்குவார்கள். மல்டிமீட்டரை வைத்து சுழியைக் காட்டியதும் முகம் தெளியும்.

அதன்பின் மோட்டாரை இணைத்து ஓடவிடுங்கள்.

இனி கெடுத்துப் பாருங்கள்

ஓடுகிற மாதிரியைக் காட்சிக்கு வைத்துவிட்டு நிறுத்தினால் பாதிதான் கற்றோம். கெடுத்துப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் செத்த துண்டு. நடுவில் ஒரு ரிலேயின் 12 வோல்ட் வயரைக் கழற்றிவிடுங்கள். வண்டி அதைத் தாண்ட வேண்டும். பின் உரசி நல்ல துண்டை விட்டதிலிருந்து முன் உரசி அடுத்த நல்ல துண்டைத் தொடும்வரை 3+8+3 கழித்தல் 5, அதாவது 9 செ.மீ. மின்சாரம் இல்லை. நொடிக்கு 20 செ.மீ. வேகத்தில் 0.45 நொடி. மோட்டார் 0.1 ஆம்பியர் இழுத்தால் கெபாசிட்டரில் 4.5 வோல்ட் குறையும். வண்டி சற்றே தளர்ந்து, நிற்காமல் கடந்துவிடும். நிஜ ட்ராமில் இந்த வேலைக்கு மின்கலம் இருக்கிறது. போர்தோவில் ஆரம்ப காலத்தில் பெட்டிகள் பழுதாகிச் சேவை அடிக்கடி தடைப்பட்டது. பழுதான பெட்டியை ஒதுக்கிவிட்டு, ட்ராம் தன் மின்கலத்தில் அந்த இடத்தைத் தாண்டிப்போக முடிவதால்தான் ஒரு பெட்டியின் கோளாறு முழுப் பாதையையும் நிறுத்திவிடாமல் இருக்கிறது.

அடுத்தது தெருவில் கிடக்கும் காந்தம். வண்டியை ஓரமாக எடுத்துவிட்டு, ஒரு காந்த வில்லையைத் தென்துருவம் கீழே பார்க்க ஒரு சென்சார்மேல் வையுங்கள். வண்டியே இல்லாமல் துண்டு உயிர் பெற்றுவிட்டது! எவரோ தவறவிட்ட பொருள் ஒன்று சாலையைத் திறந்துவிடும் என்றால் அந்தச் சாலை வேண்டவே வேண்டாம். ஏபிஎஸ் முறையில் ட்ராமின் அடியிலுள்ள ஆன்டெனா குறியீடு கொண்ட ரேடியோ சமிக்ஞை அனுப்புகிறது. அந்தக் குறியீட்டைக் கேட்டால்தான் பெட்டி மின்சாரத்தைத் திறந்துவிடும். நாம் எளிய குறியீடு ஒன்று வைப்போம். நடுக்கோட்டிலிருந்து வலப்புறம் 6 செ.மீ. தள்ளி இரண்டாவது சென்சார் வரிசை, இந்தமுறை அச்சிட்ட முகம் கீழே. வண்டியில் அதற்கு நேராக வடதுருவம் கீழே பார்க்கும் இன்னொரு காந்த வரிசை. இந்தச் சென்சார் தனி ரிலே ஒன்றை இயக்கட்டும். 12 வோல்ட் முதலில் இந்த இரண்டாவது ரிலேயின் தொடுமுனை வழியாகப் போய், அப்புறம் முதல் ரிலேக்கு வரட்டும். தென்துருவமும் வடதுருவமும் சரியான இடத்தில் ஒரே நேரத்தில் இருந்தால்தான் மின்சாரம். பன்னிரண்டுக்கும் செய்ய வேண்டாம், நான்கு துண்டுக்குச் செய்தாலே வித்தியாசம் விளங்கும்.

மூன்றாவது, குதிரைகளைத் துன்புறுத்திய அதே பழுது: ஒட்டிக்கொண்ட தொடுமுனை. இரண்டாவது சென்சார் இல்லாத ஒரு துண்டை எடுத்து, ரிலேயின் ஓய்வுமுனை வயரைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் முனையையும் நடுமுனையையும் ஒரு வயரால் இணையுங்கள். வண்டி போன பின்னும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். யாருக்கும் தெரியப்படுத்தாமல் எரியும். இதற்குக் காவல் போட வேண்டும். ஒரு ஆர்டுயினோவில் (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையில்) ஒவ்வொரு துண்டின் மின்னழுத்தத்தையும் 10 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம் என்ற மின்தடை ஜோடியால் குறைத்து வாசியுங்கள். 12 வோல்ட் சுமார் 3.8 வோல்ட்டாக வரும். கூடவே சென்சார்களையும் வாசியுங்கள். துண்டில் மின்னழுத்தம் இருக்கிறது, ஆனால் அதன் சென்சாரோ, இரண்டு இருந்தால் இரண்டில் ஒன்றோ அமைதியாக இருக்கிறது என்ற நிலை 50 மில்லிநொடிக்கு மேல் நீடித்தால், 12 வோல்ட் வழியின் தொடக்கத்தில் வைத்த முதன்மை ரிலேயை அது விட்டுவிட வேண்டும், ஆள் வந்து பொத்தானை அழுத்தும்வரை திரும்பச் சேர்க்கக் கூடாது. முதன்மை ரிலே, ஆர்டுயினோ தொடர்ந்து பிடித்திருந்தால்தான் சேர்ந்திருக்கும்படி அமையுங்கள். ஆர்டுயினோவே செத்தாலும், அதன் மின்வயர் கழன்றாலும் சாலை அணைந்துவிடும். பழுது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அணைவதன் பக்கமே விழ வேண்டும்.

இரண்டு ரிலே போட்ட துண்டுகளில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. முதல் ரிலே ஒட்டிக்கொண்டாலும் இரண்டாவது விலகி மின்சாரத்தை நிறுத்திவிடும். விளக்கு அணையும், காவலும் திருப்தியடையும். ஆனால் அந்தத் துண்டு இப்போது சுழியோடு கட்டப்படாமல் தொங்குகிறது. ஒரு பழுது ஏற்கெனவே நடந்துவிட்டது, அடுத்த பழுது வரும்வரை வெளியே தெரியாது. அதனால் ஒவ்வொரு முறையும் ஓட்டத் தொடங்குமுன் இரண்டு அடாப்டர்களையும் அணைத்துவிட்டு, துண்டுக்கும் திரும்பும் நாடாவுக்கும் இடையே ஓம் பாருங்கள். கிட்டத்தட்ட சுழி காட்ட வேண்டும். காட்டாத துண்டை ஓட்டத்தில் சேர்க்காதீர்கள். இந்தச் சோதனையை நான் மாணவர்களிடம் தட்டிக்கழிக்க விடுவதில்லை.

கடைசியாகத் தண்ணீர். ஸ்ப்ரே பாட்டிலில் உப்புத்தண்ணீர் எடுத்து, வண்டியை ஒரு இடத்தில் நிறுத்தி, அதன் அடியிலும் முன்னாலும் சாலை பளபளக்கும் அளவுக்கு அடியுங்கள். அடியில் உள்ள வயர்களுக்கு முன்பே பாலிதீன் உறை போட்டுவிடுங்கள். இப்போது மல்டிமீட்டரின் கறுப்பு முனையைத் திரும்பும் நாடாவில் வைத்து, சிவப்பு முனையை உயிருள்ள துண்டின் விளிம்பிலிருந்து 3 செ.மீ. ஈர இடைவெளியில் சிறிது சிறிதாக முன்னே நகர்த்துங்கள். 12-க்கு அருகில் தொடங்கும் எண் இறங்கிக்கொண்டே வந்து, அடுத்த துண்டின் செப்பைத் தொட்டதும் சுழியாகிவிடும். அதற்கப்பால் எவ்வளவு ஈரம் இருந்தாலும் சுழிதான். அடுத்த துண்டு சுழியோடு கட்டப்பட்டிருப்பதால் கசிவு அதைத் தாண்டிப் போகவில்லை. அந்தத் துண்டு தொடங்கும் இடம் இன்னும் வண்டியின் மூக்குக்கு உள்ளேயே இருக்கிறது. 4.5 செ.மீ. மூடுதல் 3 செ.மீ. இடைவெளியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்றது இதற்காகத்தான். இப்போது அடுத்த துண்டின் ஓய்வுமுனை வயரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் அளந்து பாருங்கள். வண்டிக்கு வெளியே, மனிதர் நடக்கும் இடத்தில் மீட்டர் ஏதோ ஒரு வோல்ட்டைக் காட்டும். சோதனை முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள், செப்பு ஒரே இரவில் பச்சையாகிவிடும்.

கார், லாரிக்கு இதே முறை வருமா?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். மாதிரி கையிலேயே இருப்பதால் பதிலையும் கணக்கிட்டுச் சொல்லலாம். வண்டியின் பாதி நீளத்துக்குள் நான்கு விஷயம் அடங்க வேண்டும்: உரசிகளுக்கு நடுவிலான தூரத்தில் பாதி, ஒரு துண்டின் முழு நீளம், சுவிட்ச் தாமதத்துக்கான கூடுதல், மூடும் விளிம்பு. நம் ட்ராமுக்கு 2.5 + 8 + 1.5 + 4.5 = 16.5. நாலரை மீட்டர் கார் என்றால் பாதி 2.25 மீட்டர்தான். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 25 மீட்டர். சுவிட்ச் 20 மில்லிநொடி எடுத்துக்கொண்டால் அதற்குள் கார் அரை மீட்டர் போய்விடும். 20 செ.மீ. இடைவெளி, உரசிகளின் நடுவில் 40 செ.மீ., விளிம்பு 25 செ.மீ. என்று வைத்தால் துண்டுக்கு மிஞ்சுவது 1.3 மீட்டர். இடைவெளியோடு ஒன்றரை மீட்டர். ட்ராம் பாதையில் கிலோமீட்டருக்கு 91 துண்டு என்றால், கார் பாதையில் 660-ஐத் தாண்டும். அதுவும் ஒரு தடத்துக்கு. அத்தனை சுவிட்சும் மழையிலும் லாரிச் சக்கரத்தின் கீழும் பிழைத்திருக்க வேண்டும்.

அதனால் சாலைக்கு வேறு வழிகளையும் தேடுகிறார்கள். ஸ்வீடனில் ஆர்லாண்டா விமான நிலையத்துக்கு அருகே 2018-இல் 2 கிலோமீட்டர் சோதனைப் பாதை திறந்தார்கள். அங்கே மின்கடத்தி சாலை மட்டத்தில் இல்லை, குறுகிய பள்ளத்துக்குள் ஆழத்தில் இருந்தது. துண்டு 50 மீட்டர் நீளம், வண்டி நின்றால் மின்சாரம் நின்றுபோனது. வண்டியின் உடல் மூடியாக இருப்பதற்குப் பதில் அங்கே பள்ளத்தின் ஆழம் அந்த வேலையைச் செய்தது. அதே நாட்டில் லுண்ட் நகரில் குட்டைத் துண்டுகள் கொண்ட பட்டையையே சோதித்தார்கள். இன்னொரு வழி, தொடவே தொடாத தூண்டல் முறை. தென்கொரியாவின் குமி நகரில் 2013-இல் ஓடத் தொடங்கிய பேருந்து, சாலைக்கடியில் புதைத்த சுருள்களிலிருந்து 17 செ.மீ. இடைவெளி தாண்டி மின்சாரம் எடுத்தது. தொடும் கடத்தியே வெளியில் இல்லை என்பதால் ஷாக் பயம் அங்கே வேறு கேள்வியாக, காந்தப்புலம் வண்டிக்கு வெளியே எவ்வளவு பரவுகிறது என்ற கேள்வியாக மாறிவிடுகிறது.

ட்ராமைப் பொறுத்தவரை என் கருத்து திடமானது. நீளமான வண்டி, மிதமான வேகம், மாறாத பாதை மூன்றும் சேருமிடத்தில் இந்தத் துண்டு முறை நன்றாகப் பொருந்துகிறது. ரான்ஸ், ஆன்ஜே, தூர், துபாய், ரியோ, சிட்னி என்று அது பரவியதும் அந்தப் பொருத்தத்தால்தான். துபாயில் 2014 முதல் முழுப் பாதையும் மேல்கம்பி இல்லாமல் ஓடுகிறது.

மாணவர்கள் அடுத்த வேலை கேட்டால் நான் கொடுப்பது இதை: அதே பலகையின் கடைசி இரண்டு துண்டுகளைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் 1.3 செ.மீ. துண்டுகளும் 2 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்ட கார் பாதை போடுங்கள். வண்டியின் நீளம் 4.5 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. ரிலே இந்த நெருக்கத்துக்குச் சரிவராது, அசையும் பாகம் இல்லாத மின்னணு சுவிட்சான மாஸ்ஃபெட் தேவைப்படும். அதில் ஓய்வுமுனை கிடையாது என்பதால், அணைந்த துண்டைச் சுழியோடு கட்ட இரண்டாவது மாஸ்ஃபெட் ஒன்றை நீங்களே சேர்க்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை விடாதபடி நடுவில் சிறு தாமதம் வையுங்கள், இல்லாவிட்டால் முதல் ஓட்டத்திலேயே ஃப்யூஸ் போய்விடும்.